நோராவின் முன்கதவு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றும் சோடை போகவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்துக்குப் போய் வந்த பேத்தி போனை நீட்டினாள். "அம்மம்மா, காஸில் பாருங்கோ, பழைய கோட்டை."

"காஸிலுக்குச் சன்னல் அம்பு போற அளவுதான். இதுக்குப் பார், மாடு போகும். இது துரைமார் இருந்த மாளிகை," என்றேன். தூண் வைத்த கல் முகப்பு. மேலே கூரை இல்லை, சன்னல்களுக்குள்ளால் வானம்.

இதெல்லாம் நோரா சொல்லித் தெரியும். கனடாவில் மொன்றியலுக்கு வந்த புதிதில், நகர் ஓரத்துப் பியர்பொன்ட்ஸில் அந்த ஐரிஷ் மனுசியின் வீட்டைத் துப்புரவாக்கப் போவேன். பஸ்ஸில் ஒரு தூக்கம் போடலாம், அவ்வளவு தூரம். அவர் சமைக்கிற குசினிச் சுவரிலும் இப்படியொரு மொட்டை மாளிகைப் படம். எங்கள் ஊரில் கூரையில்லாத வீடென்றால் ஷெல் விழுந்த வீடு. அவர் கையைப் பிடித்து, "எந்த ஆமி அடிச்சது?" என்று அழுதுவிட்டேன்.

"ஆமியுமில்லை, ஒருத்தருமில்லை. கூரை இருந்தால் வரி. துரையே கழட்டிப் போட்டார்," என்று சிரித்தார். அவருடைய இங்கிலீசு எனக்கு அப்படித்தான் விளங்கியது.

இளவயதில் நோரா அந்தப் படத்து மாளிகையில் குசினி வேலைக்காரி. குசினி நிலவறையில். அங்கிருந்து குதிரை லாயம் வரை சுரங்கப்பாதை. சன்னலோரம் தேத்தண்ணி குடிக்கிற துரைமாரின் கண்ணில் வேலைக்காரர் படக்கூடாதாம். முன்கதவால் அவர் ஒருநாளும் போனதில்லை.

அந்தப் பழக்கம் கடல் தாண்டியும் விடவில்லை. சொந்த வீட்டிலும் பின்கதவால்தான் போக்குவரத்து. முன்கதவை மறித்து ஓர் அலுமாரி.

"உங்கடை வீடுதானே, முன்னால போங்கோவன்."

"அதுக்குத் துரைசானிமார் மாதிரித் தொப்பி வேணும். என்னட்டை இல்லை."

முதியோர் இல்லத்துக்குப் போகிற நாளும் வந்தது. மனுசி பையோடு பின்கதவடியில் நின்றார். இன்றைக்கு விட்டால் இனியில்லை என்று பட்டது. அலுமாரியைத் தள்ளினேன். பெயின்ற் ஒட்டிப் பிடித்திருந்த கதவைத் தோளால் இடித்துத் திறந்தேன். என் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தேன். "இந்தாங்கோ தொப்பி. நடங்கோ."

வாசலில் தயங்கினார். "ஆரும் பாக்கினமோ?"

தெருவில் ஓர் அணில்தான். "எல்லாரும் பாக்கினம்," என்றேன்.

நாடியை உயர்த்திக்கொண்டு நடந்தார், துரைசானியே தோற்றாள்.

நோரா இப்போது இல்லை. அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள். கதவு இருந்த இடத்தில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். பேத்தி பார்த்து வந்த மாளிகைக்குள் மட்டும் ஆரும் முன்வாசலால் போகலாமாம், அவள் சொன்னாள். கதவே இல்லையாம்.

பிள்ளை, இஞ்சை வா. நான் எழுதினதிலை, கதவு திறந்த இடத்திலயிருந்து ஒருக்கா வாசி, கேப்பம்.