கையுறை தொட்ட தாலி

மாமாவின் கலியாணத்துக்குத் தாலிக்கொடியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அம்மாவிடம் இருந்தது. மாமா அம்மாவின் ஒரே தம்பி. லண்டன் இல்ஃபோர்ட்டில் எங்களோடு இருந்தவர். தாலிக்குப் பொன்னை உருக்கும் பொன்னுருக்கல் சடங்கு எங்கள் வீட்டிலேயே நடந்தது. பெண் வீட்டார் ரொறொன்ரோவில் இருந்தபடியால் கலியாணம் அங்கே என்று முடிவாகி, மாமா முன்கூட்டியே போய்விட்டார். கொடி செய்து முடிந்ததும் அம்மா அதை ஆர்ச்வே முருகன் கோயிலில் பூசைக்கு வைத்தெடுத்து, அட்சதை தூவிய வெள்ளிச் செப்பில் இட்டுப் பட்டுத்துணியால் கட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் செப்புக்குக் கிடைத்த மரியாதை எங்களில் எவருக்கும் கிடைக்கவில்லை.

அதற்கான விதிகள் யாவும் ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசியில் வந்தன. விதித்தவர் பெரியம்மா, அம்மாவின் அக்கா. தாயை இழந்த அம்மாவையும் மாமாவையும் வளர்த்து ஆளாக்கியவர். யுத்தத்தில் கணவரைப் பறிகொடுத்தவர். "கண்ட கண்ட ஆக்களைத் தொட விடாதை. தொடுறதெண்டால் சுமங்கலியள் மட்டும்தான்" என்பார். கலியாணத்தில் தாம் நிற்கவேண்டிய இடத்தையும் அவரே தீர்மானித்திருந்தார்: மண்டபத்தின் கடைசி வரிசை. அம்மா எல்லாவற்றுக்கும் "ஓம் அக்கா" என்றார். அக்காவிடம் வேறு பதில் சொல்லி அம்மாவுக்குப் பழக்கமில்லை.

விமான நிலையத்துக்கும் தன் விதிகள் இருந்தன. தண்ணீர்ப் போத்தல் ஆகாது; இடுப்புப் பட்டியைக் கழற்றவேண்டும்; மாங்காய் ஊறுகாய் திரவமா திடப்பொருளா என்று அப்பா வாதாடித் தோற்றார். அம்மா எதையும் எதிர்க்கவில்லை. செப்பைத் தட்டில் வைக்கச் சொன்னபோதுதான் அசையாமல் நின்றார். முன்னால் போனவர் காலிலிருந்து கழற்றிய சப்பாத்துகள் சற்றுமுன் அதே போன்றதொரு தட்டில்தான் போயிருந்தன.

"சப்பாத்து வைச்ச தட்டிலை நான் தாலியை வைக்கமாட்டன். சொல்லு பிள்ளை."

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும்; சீருடையைக் கண்டால்தான் அது அவரைக் கைவிட்டுவிடும். அப்பாவோ கைகளை விரித்தபடி அப்பால் சோதனைக்கு நின்றார். நான் முணுமுணுத்ததை அலுவலர் கேட்டார். எல்லாத் தட்டும் ஒன்றுதான் என்றார். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அம்மா கழுத்திலிருந்த சால்வையை எடுத்து, நான்காக மடித்துத் தட்டில் விரித்து, அதன்மேல் செப்பை வைத்தார். சால்வையை மறுக்க அங்கே விதி இருக்கவில்லை. தட்டு நகர்ந்தது.

மறுபக்கத்தில் அது வேறு பாதையில் திரும்பியது. வெள்ளிக்குள் இருந்த தங்கம் இயந்திரத்துக்குக் கறுப்புக் கட்டியாகத் தெரிந்திருக்கிறது. நரைத்த தலையுடைய ஒரு பெண் அலுவலர், உள்ளே இருப்பதை எடுத்துப் பார்க்கவேண்டும் என்று பணிவாகச் சொன்னார். அம்மா செப்பை நோக்கிக் கையை நீட்டினார். தொடக்கூடாது என்றார் அவர். இருவரும் ஒரே விதியைத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்கு அப்போது வேடிக்கையாகப் படவில்லை.

"அவ கலியாணம் கட்டினவவோ எண்டு கேள்."

"அம்மா!"

"கேள் பிள்ளை."

காது எரிய எரியக் கேட்டேன். அந்தப் பெண் சிரித்து, ஒரு காலத்தில் என்றார்.

"முந்திக் கட்டியிருந்தவவாம்."

"இப்ப? மனுசன் இருக்கிறாரோ?"

அதையும் கேட்டேன். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார் என்றவர், ஏன் கேட்கிறாய் செல்லம் என்றார். முதற்பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

"செத்துப்போனாராம், அம்மா."

அதற்குள் அப்பா பட்டியைக் கையில் பிடித்தபடி வந்துவிட்டார். "இஞ்சரப்பா, அங்கை மோதிரம் போட்ட பெட்டை ஒண்டு நிக்குது. அதைக் கூப்பிடச் சொல்லுவம்." அம்மாவின் முகத்தைப் பார்த்து உடனே சட்டத்தைத் திருத்தினார். "இல்லாட்டில் இவவே பாக்கட்டும். கிளவுஸ் போட்டிருக்கிறாதானே, அது தொட்டதிலை சேராது."

"பேசாமல் இருங்கோ. அவவைத் தள்ளி நில் எண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது?"

அம்மா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, என் உதவியில்லாமல், "பிளீஸ்" என்று செப்பைக் காட்டினார்.

அவர் கையுறைகளை மாற்றிக்கொண்டு, கொடியை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தினார். யாருக்கு என்று கேட்டார். என் மாமிக்கு என்றேன். மிக அழகு என்றவர், தம் வாழ்த்தையும் மாமிக்குச் சொல்லச் சொன்னார். அம்மா மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் தலையசைத்தார்.

"இதை அக்காவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார் அப்பா, வாயிலை நோக்கி ஓடும்போது. அம்மா செப்பை மார்போடு அணைத்தபடி அவரை முந்திக்கொண்டு ஓடினார். விமானத்தில் அவர் உறங்கவேயில்லை.

முகூர்த்தத்துக்கு முன், தாலித் தட்டத்தைச் சபைக்குக் கொண்டுபோய்ப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கச் செய்வது எங்கள் வழக்கம். தட்டத்தை ஏந்திய அம்மா முன் வரிசைகளைக் கடந்து நேரே கடைசி வரிசைக்கு நடந்தார். பெரியம்மா கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"என்னடி செய்யிறாய்? முன்னுக்குக் கொண்டு போ!"

"லண்டன் ஏர்போர்ட்டிலையே மனுசன் இல்லாத ஒருத்தி தொட்டு வாழ்த்தியிட்டா, அக்கா. இது நீங்கள் வளர்த்த பெடியன்ரை தாலி. தொடுங்கோ."

"விசர்க்கதை கதையாதை. சனம் பாக்குது."

"பாக்கட்டும். நீங்கள் தொடாமல் இது இஞ்சையிருந்து அசையாது."

மேளகாரர் எட்டிப் பார்த்தார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். சப்பாத்துத் தட்டின் முன் நின்றதைப் போலவே அம்மா நின்றார். கடைசியில் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. பிறகு மற்றக் கையும். இரண்டையும் கொடியின்மேல் வைத்துப் பெரியம்மா குலுங்கி அழுதார்.

அத்தனை தடவை சொல்லியும் தாலியை யாரோ தொட்டுவிட்டார்களே என்றுதான் அவர் அழுகிறார் என்று நினைத்தேன். அம்மாவை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்ற உறுதியோடு பெரியம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதேங்கோ பெரியம்மா. அவ கிளவுஸ் போட்டிருந்தவ."