ஒன்பதாவது சுற்றில் ஹெட்லி செய்தது

ஹெட்லி ஸ்டோருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று, ஹல் துறைமுகத்தில் மீன்பிடிக் குடும்பங்கள் வாழும் எங்கள் ஹெசில் சாலையில் ஒரு பேச்சு உண்டு. அப்படிப் பேசியவர்கள் யாரும் குத்துச்சண்டைக்கு அரை மணி முன்னால் அவன் உடை மாற்றும் அறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுப்பான். அந்தச் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று பயிற்சியாளர் பெர்சி காப் கதவருகே நின்று தேவாலயப் பாட்டுகளை உரக்கப் பாடுவார். பெர்சிக்குப் பாட வராது. பத்திரிகைக்காரர்கள் அவரை ரொம்பப் பக்திமான் என்று எழுதினார்கள்.

ஹெட்லி சண்டைக்காரன் ஆனதே பயத்தால்தான். அவன் அப்பா ஐஸ்லாந்துப் பக்கம் மீன் பிடிக்கப் போன கப்பலோடு போய்விட்டார். துணி துவைத்தால் கடல் ஆளையும் சேர்த்துத் துவைத்துக் கொண்டுபோய்விடும் என்று கப்பல் கிளம்பும் நாளில் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் துவைக்க மாட்டாள். அவன் அம்மாவும் துவைக்கவில்லை. அப்படியும் அவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஹெட்லி எந்தக் கப்பலிலும் கால் வைக்கவில்லை. கடலுக்குப் போகாத ஆம்பிளையை எங்கள் தெருவில் அரை ஆள் என்றுதான் சொல்வார்கள். துறையில் மீன் பெட்டி இறக்கும் வேலைக்குப் போனான், அதற்கும் கேலி. அந்த வருஷம் அக்டோபர் சந்தைக்கு பாஸ்கோ என்ற விதவையின் குத்துச்சண்டைக் கூடாரம் வந்தது. கடலில் போனால் உடம்புகூடக் கிடைக்காது, இங்கே மூக்கு உடைந்தாலும் முகத்தோடுதானே இருக்கும் என்று யோசித்துச் சேர்ந்துவிட்டான்.

கூடாரத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் லென் டான்ஸ்லி. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கிரிம்ஸ்பிக்காரன். அந்த ஊர்க்காரர்களை நாங்கள் கேலியாக மஞ்சள் வயிறன் என்போம், அவர்கள் எங்களை என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. லென் கூட்டத்துக்குள் யாரோபோல நின்றுகொள்வான். மேடையில் ஹெட்லி மேளத்தோடு வந்து நின்றதும், "இந்தத் தடிப்பயலா? எங்க ஊர்ல இவனக் கருவாடு காயப்போடக்கூட விட மாட்டோம்" என்று கத்துவான். ஹல் ஜனங்களுக்கு ரத்தம் கொதிக்கும், உள்ளே போக முண்டியடிப்பார்கள். சீட்டுக் கிழிப்பவள் ஆலிவ், லென்னின் மனைவி. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டே கிழிப்பாள்.

ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஊர் ஊராக நாலு கோடைகாலம், இருவரும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். அத்தனை அடியை நிஜமாக அடித்தால் ஒரு வாரம்கூட ஓடாது. அதற்காகக் கூடாரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டிப்பிடித்து நிற்கும்போது ஒருவன் மற்றவனின் பின்கழுத்தில் கையுறையால் இரண்டு முறை தட்டினால், என்னால் முடியவில்லை, கொஞ்சம் விடு என்று அர்த்தம். அடுத்தவன் உடனே கையைத் தளர்த்திவிட வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. தட்டியவனை அடித்தவனுக்கு வண்டியில் படுக்க இடம் கிடையாது, கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடையாது. ஹெட்லி பதினைந்து தடவை தட்டியிருப்பான். ஒவ்வொரு தடவையும் லென் விட்டான்.

பிறகு இருவரும் தனித்தனியாக நிஜச் சண்டைக்குப் போனார்கள். இருவரும் மேலே வந்தார்கள். 1953 பிப்ரவரியில், வடக்கு வட்டாரத்து ஹெவிவெயிட் சாம்பியன் பட்டத்துக்கு எங்கள் ஊர் மண்டபத்திலேயே இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஹெட்லி அன்று வாளியை விட்டு எழுந்திருக்கவே ரொம்ப நேரமாயிற்று. லென் அடிப்பான் என்ற பயம் பாதிதான். தோற்றால் மறுபடி மீன் பெட்டி, மறுபடி அரை ஆள். அந்தப் பயம்தான் மீதிப் பாதி.

எட்டு சுற்று வரைக்கும் லென்தான் முன்னால் இருந்தான். ஹெட்லியின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. எட்டாவது முடியும்போது ஒரு குத்து லென்னின் காதுக்கு மேலே சரியாக விழுந்தது. ஒன்பதாவதில் லென்னின் கால்கள் அவன் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. ஹெட்லியைக் கட்டிப்பிடித்தான். பின்கழுத்தில் தட்டினான், இரண்டு முறை.

ஹெட்லிக்குப் புரிந்தது. புரியவில்லை என்று அவன் பிற்பாடு தனக்கே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான், ஒட்டவில்லை. இது கூடாரம் இல்லை, இங்கே விட்டால் இவன் மூச்சு வாங்கிக்கொண்டு என்னை முடித்துவிடுவான் என்று அந்த ஒரு நொடியில் ஓடியது. நடுவர் பிரித்துவிட்டார். ஹெட்லி அதே இடத்தில், காதுக்கு மேலே, முழு பலத்தோடு அடித்தான்.

லென் விழுந்தான், பத்து எண்ணி முடிந்தபின் எழுந்தான். ஹெட்லியின் கையைத் தூக்கிப் பிடித்துக் கூட்டத்துக்குக் காட்டினான். தன் அறைக்கு நடந்து போனான். பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவன் அப்படியே சரிந்தான். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, திறக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். திறந்து எடுத்த பிறகும் அவன் கண் விழிக்கவில்லை.

ஆலிவ் தினமும் காலையில் அக்கரையிலிருந்து நீராவிப் படகில் வருவாள். ஹெட்லி படகுத் துறையில் போய் நிற்பான், அவள் பையை வாங்கிக்கொள்வான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்வார்கள். வழியில் ஆட்கள் நிறுத்தி, சாம்பியன் என்று கையைக் குலுக்குவார்கள். அவனுக்கு அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருக்கும். லென் செத்துவிட்டால் நான் கொலைகாரன் என்று ராத்திரி பகலாக நடுங்கினான்.

இரண்டாம் நாள் ஆலிவ் அவன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"ஹெட்லி, அவர் தட்டலையா?"

தாழ்வாரத்தில் ஒரு நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்தாள். அவள் கடந்து போகட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அவள் கடந்து போனாள்.

"இல்ல ஆலிவ். தட்டல."

ஆலிவ் எழுந்து உள்ளே போனாள். கட்டுப்போட்ட தலையோடு கிடந்தவனிடம், வீம்பு பிடித்த கழுதையே, கையைத் தூக்கி ஒரு தட்டு தட்டியிருந்தால் குறைந்தா போயிருப்பாய் என்று அவள் திட்டுவது வெளியே கேட்டது. ஹெட்லி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்றிலிருந்து அவன் பயம் வேறு திசைக்குத் திரும்பியது. லென் செத்துவிடுவானோ என்று நடுங்கியவன், லென் விழித்துவிடுவானோ என்று நடுங்க ஆரம்பித்தான். விழித்தால் முதல் வார்த்தையே அதுவாகத்தானே இருக்கும். மூன்றாம் நாள் படகுத் துறையில் நிற்கும்போது, இவன் இப்படியே போய்விட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. தன் மனசுக்குள்ளிருந்தா அது வந்தது என்று அவன் திடுக்கிட்டான். என்ன மனுஷன் நான் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் லென் கண் திறந்தான். ஆலிவ் வெளியே வந்து, உன்னைத்தான் கேட்கிறார் என்றாள். ஹெட்லி அந்தப் பத்தடியை எப்படி நடந்தான் என்று அவனுக்கே தெரியாது. லென்னின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு குழறியது.

"எட்டாவது சுத்துக்கு மேல ஒண்ணுமே ஞாபகம் இல்லடா. ஆலிவ் சொன்னா, நான் தட்டவே இல்லியாமே. மன்னிச்சுக்கடா. என் வீம்பால உன்னய இந்தப் பாடு படுத்திட்டேன்."

ஹெட்லி அழுதான். அவன் நட்புக்காக அழுகிறான் என்று வார்டு முழுக்க உருகியது.

பட்டத்தை இரண்டு முறை காப்பாற்றினான். மூன்றாவதில் எதிராளி வந்து கட்டிப்பிடித்ததும் கை இரண்டும் மரத்துப்போய் நின்றான், தோற்றான், விலகினான். பெர்சி எவ்வளவோ கேட்டும் காரணம் சொல்லவில்லை. மீன் துறைக்கே திரும்பி மேஸ்திரியானான். இப்போது அவனை யாரும் அரை ஆள் என்று சொல்வதில்லை. லென்னுக்கு இடது கால் இழுத்துக்கொண்டது. கிரிம்ஸ்பியில் வலை பின்னும் கொட்டகையில் உட்கார்ந்த வேலை. வருஷா வருஷம் அக்டோபர் சந்தைக்கு ஆலிவோடு படகேறி வந்துவிடுவான். மதுக்கடையில் ஹெட்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கிறவர் கேட்காதவர் எல்லாருக்கும் தான் வீம்புக்குத் தட்டாமல் விழுந்த கதையைச் சொல்வான். அக்டோபர் நெருங்க நெருங்க ஹெட்லிக்குச் சோறு இறங்காது. எந்த வருஷம் இவனுக்கு ஞாபகம் திரும்பிவிடுமோ என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

எட்டு வருஷம் தாங்கினான். 1961 சந்தையில், லென் கதையை ஆரம்பித்ததும் ஹெட்லி எழுந்து வெளியே வந்துவிட்டான். ஆலிவ் பின்னாலேயே வந்தாள். பொரித்த மீன் பொட்டலம் அவள் கையில் இருந்தது. ராட்டினச் சத்தத்துக்கு நடுவே அவன் சொல்லிவிட்டான். லென் தட்டினான், எனக்குத் தெரிந்தது, தெரிந்துதான் அடித்தேன், இப்போதே உள்ளே போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்றான்.

ஆலிவ் ஒரு துண்டு மீனை வாயில் போட்டு மென்று முடித்தாள்.

"நான் மூணாவது வரிசைல உக்காந்திருந்தேன் ஹெட்லி. ஒரு நாளைக்கு ஆறு வாட்டி அதப் பாத்தவ நான். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு என்னக் கேட்ட?"

"நீ சொல்லுவேன்னுதான். சொல்லியிருந்தா அன்னிக்கே உன் நல்ல கண்ணையும் நோண்டியிருப்பேன், அதோட தீர்ந்திருக்கும். நீ சொல்லல. உன் காதுல விழட்டும்னுதான் அவரத் திட்டினேன், அப்பவும் சொல்லல."

"இப்ப சொல்றேன்."

"இப்ப வேணாம். இந்தக் காலை இழுத்துக்கிட்டு அந்த மனுஷன் எங்கயும் போறதில்ல. வருஷத்துல இந்த ஒரு நாளத்தான் நாள் எண்ணிக் காத்துக்கிட்டிருக்காரு. கால் போனது தன் வீம்பாலன்னு நெனச்சா அவரால தாங்க முடியுது. உன்னாலன்னு தெரிஞ்சா காலும் போச்சு, நீயும் போயிடுவ. உனக்குப் பாரம் எறங்கணும்னு அவர் தலைல வைக்காத."

"ஒவ்வொரு வருஷமும் உயிர் போயிட்டு வருது ஆலிவ்."

"வரட்டும்" என்றாள் ஆலிவ். "உள்ள போ. தேடுவாரு."

அவன் உள்ளே போனான். லென் நகர்ந்து இடம் விட்டான், அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். எதிரே புதிதாக இரண்டு கப்பல்காரர்கள் கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீயே சொல்லுடா இவங்களுக்கு" என்றான் லென். "நான் மட்டும் தட்டியிருந்தா, நீ விட்டிருப்பதானே?"

ஹெட்லி கதவருகே நின்ற ஆலிவைப் பார்த்தான். அவள் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"விட்டிருப்பேன்" என்றான்.