சிலேட்டு மலை நிஜம்தான்

பம்பாயில் மில் ஸ்ட்ரைக் நடந்த வருஷம் எங்கள் கப்பல் லிவர்பூலில் நின்றது. லீவு நாளில் நானும் கப்பலில் கூட வேலை பார்த்த சூசையும் பிச்சையாவும் வேல்ஸில் லான்பெரிஸ் என்ற ஏரிக்கரை ஊருக்கு பஸ் ஏறிப் போனோம். அங்கே ஒரு மலை முழுக்கச் சிலேட்டுக் கல்.

தாராவிக்கு வந்து சொன்னேன். சலூன்கார முருகன் நம்பவில்லை; அன்றிலிருந்து கேலியை விடவில்லை. "பள்ளிக்கூடத்துல சிலேட்டே கையில பிடிக்காத ஆளு சிலேட்டு மலையைப் பாத்தாராம்லா!"

இன்று அதே சலூனில், பாதி முகம் சோப்போடு உட்கார்ந்திருந்தேன். லிவர்பூலில் படிக்கும் பேத்தி வீடியோ காலில் வந்தாள்.

"தாத்தா, உங்க ஏரிக்கு வந்திருக்கேன்!"

"ஏட்டி, போனை மெதுவாத் திருப்பு. மேட்டுல உருண்டையா ஒரு இடிஞ்ச கோபுரம் நிக்கும்."

நின்றது!

"அக்கரையில மலையைப் படி படியா வெட்டியிருப்பான்."

வெட்டியிருந்தான்! ஏரியிலிருந்து உச்சி வரை அதே சாம்பல் நிறக் கல். மலையேறும் குட்டி ரயிலையும் காட்டினாள்.

முருகன் கத்தியைக் கீழே வைத்தான். "அண்ணாச்சி, சிலேட்டேதான்."

நாற்பது வருஷ வழக்கில் ஜெயித்துவிட்டேன்! நான் சொல்ல, மருமகள் இதைப் போனில் தட்டுகிறாள்.

சூசை போய்ச் சேர்ந்துவிட்டான். நாங்கள் போன ஊர் ஸ்காட்லாந்து என்று இன்னும் சாதிக்கும் ஒருத்தன் இதே பம்பாயில் ஆண்டாப் ஹில்லில் இருக்கிறான். அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். என்னோடு வந்தவர்களில் மிச்சம் அவன் ஒருத்தன்தான், பிச்சையா.