கண்ணடிக்கச் சொன்ன பெண்

யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். என் மனைவி. மில்லில் என்னோடு ஒரே ஷிப்டு பார்த்த கூட்டாளி. காலேஜில் படிக்கும் ஒரு பெண். அவளோடு வந்த இன்னொரு பெண், அவள் அதிகம் பேசவில்லை.

இடம் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனை நற்பணி மன்றம். கேரம் போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். வாசலில் பேனர். செல்போனில் செய்கிற அரசாங்க வேலை எல்லாம் செய்து தருகிறோம், கற்றும் தருகிறோம், இலவசம் என்று இருந்தது. இலவசம் என்ற எழுத்துதான் பெரிதாக இருந்தது. எனக்கு அங்கேயே பிடிக்கவில்லை.

ஆனாலும் போனேன். காரணம் இருந்தது.

மில் மூடிப் பல வருஷமாகிறது. இப்போது தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். அந்தச் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். மில் பென்ஷன் சின்னத் தொகை. என் மனைவியின் சர்க்கரை மாத்திரைக்கு அதுதான். வருஷம் ஒரு தடவை நான் உயிரோடு இருக்கிறேன் என்ற சர்டிபிகேட்டுக்கு மெஷினில் விரல் வைக்க வேண்டும். இந்தத் தடவை விரல் விழவில்லை. எல்லா விரலையும் வைத்துப் பார்த்தார்கள். நூல் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்துவிட்டது. மூன்று மாதமாகப் பென்ஷன் நின்றுபோயிருந்தது. அவர்கள் கணக்கில் நான் செத்தவன். என் மனைவி மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்தாள். கேட்டால், டாக்டர் சொன்னார் என்றாள். டாக்டரிடம் அவள் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

முகத்தைக் காட்டினால் போதும், போனிலேயே முடிந்துவிடும் என்று கூட்டாளி சொன்னான். அவனுக்கு அப்படித்தான் முடிந்ததாம்.

"சும்மா செஞ்சி தராங்கப்பா."

"சும்மா எவன் செய்வான்?"

"படிக்கிற புள்ளைங்க. சேவை."

"நமக்கு எதுக்கு சேவை?"

போன மழைக்காலத்தில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், பேங்கிலிருந்து பேசுகிறோம் என்ற குரலுக்கு நம்பர் சொன்னார். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தது போய்விட்டது. ரொம்ப மரியாதையான குரலாம். ஐயா ஐயா என்றுதான் பேசினானாம்.

இந்தப் பெண்ணும் என்னைப் பார்த்ததும், "வாங்க ஐயா" என்றாள்.

நான் உட்காரவில்லை. "வெளிய நிக்குதே ஸ்கூட்டி, உன்னுதா?"

"ஆமாய்யா."

"சாவியக் குடு."

"எதுக்குய்யா?"

"வேல முடியட்டும். தரேன்."

கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டான். "யோவ், அடகுக்கடையா வெச்சிருக்க நீ?"

அந்தப் பெண் சிரித்தாள். சாவியைக் கொடுத்தாள். கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் நம்பியிருப்பேன். சிரித்துக்கொண்டே கொடுத்தது சந்தேகமாக இருந்தது. என் மனைவி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அப்பா இன்னா பண்றாரு?" என்று கேட்டேன்.

"அப்பா பிரான்ஸ்ல இருக்காரு. நானும் சின்ன வயசுல அங்கதான் இருந்தேன். அம்மாவும் நானும் இங்க வந்துட்டோம்."

பேச்சிலேயே அது தெரிந்தது. தமிழ் வார்த்தை அவளிடம் குறைவு. இருப்பதை வைத்து ஓட்டினாள். எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான். ஆதார் நம்பர் அடிங்க. பேர் அடிங்க. ஓகே அடிங்க. என் போனை என் கையிலேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று சொன்னாள். நான் ஒரு விரலால் குத்தினேன்.

மெசேஜ் வந்தது. ஆறு எண்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"சொல்லாதீங்க ஐயா. யார் கேட்டாலும் சொல்லாதீங்க. எங்கிட்டயும். நீங்களே பாத்து அடிங்க."

போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அடித்தேன். முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது. மறுபடி வந்தது. மறுபடி அடித்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். அதையும் கவனித்துக்கொண்டேன்.

பிறகு என்னை வாசல் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வைத்தாள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். போனை வாங்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் ஒரு வட்டம், அதற்குள் நான்.

"ஐயா, இப்ப கண்ணடிங்க" என்றாள்.

நான் போனை விட்டு அவளைப் பார்த்தேன்.

"இன்னா?"

"கண்ணடிங்க ஐயா. என்னைப் பாக்காதீங்க, போனைப் பாத்துக் கண்ணடிங்க."

கூட்டாளி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடிய்யா! பொண்ணே கேக்குது!"

என் மனைவி எழுந்து வந்தாள். "ஏம்மா, கல்யாணமாகி இத்தினி வருஷத்துல என்னப் பாத்தே இந்த மனுசன் கண்ணடிச்சதில்ல. போனப் பாத்து அடிப்பாரா?"

எனக்குப் புரிந்துவிட்டது. இதுதான் விஷயம். கிழவனைக் கண்ணடிக்க வைத்து வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பப் போகிறார்கள். கம்பெனியில் லாரி டிரைவர்கள் இப்படித்தான் யாரையாவது காட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"போனக் குடு. சர்டிபிகேட்டும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. என்ன தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. பேசாமல் இருந்தவளைப் பார்த்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள்.

என் மனைவி என் கையைப் பிடித்தாள். "ஒக்காரு" என்றாள். "மூணு மாசமாச்சி. அடிச்சித் தொலை. நான்தான் நிக்கிறனே."

மாத்திரையைப் பற்றி அவள் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தேன். வட்டத்தைப் பார்த்து இடது கண்ணை அடித்தேன்.

சிவப்பு எழுத்து வந்தது. ஆகவில்லை.

"ஒண்ணு இல்ல ஐயா" என்றாள், மெதுவாக. "ரெண்டு கண்ணும் அடிங்க."

"ரெண்டு கண்ணையும் அடிச்சா அது கண்ணடிக்கறதா? அது கண்ண மூடறது."

"அதான் ஐயா! மூடித் தொறங்க! சீக்கிரமா!"

"கண்ணச் சிமிட்டச் சொல்லுதுடா பொண்ணு" என்றான் கூட்டாளி. "எனக்கு வேற புள்ள செஞ்சிது. அது சிமிட்டுன்னு சொல்லிச்சி."

"சிமிட்டுங்க" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். புது வார்த்தை போலச் சொன்னாள். "கண்ணடிக்கறதுன்னா வேறயா?"

"வேறதாம்மா" என்றாள் என் மனைவி. "ரோட்டுல எவனாவது அடிச்சா செருப்பக் கழட்டு."

சிமிட்டினேன். வட்டம் பச்சையானது.

சாவியை என் மனைவியே அவிழ்த்துக் கொடுத்தாள். அந்தப் பெண், "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். நான் நன்றி சொல்லவில்லை. பச்சை வட்டத்தை யார் வேண்டுமானாலும் காட்டலாம்.

அன்று முதல் தினமும் நைட் டியூட்டி முடிந்ததும் பேங்குக்குப் போனேன். கவுண்டர் பெண்ணுக்கு என் முகம் பழகிவிட்டது.

"பென்ஷன் இன்னும் வரலையே" என்பாள்.

"வரலன்னா சரி. எதனா போயிருக்கா பாரும்மா."

"எதுவும் போகல ஐயா."

அடுத்த மாதம் ஒரு நாள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் ஒன்றும் சொல்வதற்கு முன்னால், "போச்சா?" என்றேன்.

"போகல. வந்திருக்கு. நின்னுபோன மாசத்துக்கும் சேத்து."

"எவ்ளோ?"

ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். மறுபடி படிக்கச் சொன்னேன்.

நான்காயிரத்து அறுநூற்று எண்பது.