கயிற்றில் காய்த்த பாசி

நான் பெயர் தேடிக்கொண்டிருந்த பாசியைப் பார்த்தால் யாரும் அழுக்கு என்றுதான் சொல்வார்கள். ஜோர்ஜ்டவுன் படகுத்துறையில், ஒரு பழைய கயிற்றில், அரை விரல் நீளத்துக்குப் பழுப்பு மயிராகத் தொங்கும். இந்த வகைப் பாசிகளெல்லாம் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்து தொலைக்கும். உயிரோடு மைக்ரோஸ்கோப்பில் வைத்து, காய்க்கும்போது வரும் வித்துப்பையின் வடிவத்தைப் பார்த்தால்தான் இன்ன இனம் என்று சொல்ல முடியும். என்னுடையதோ மூன்று மாதமாகக் காய்க்கவே இல்லை. ஆய்வேட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியாகிவிட்டது. இது ஒன்றுதான் கழுத்தை அறுத்தது.

துறையில் படகு வைத்திருந்த அண்ணனிடம், பாசி காய்த்தால் சொல்லும்படி ஒரு கைலென்ஸைக் கொடுத்து வைத்திருந்தேன். ஏட்டை ஒப்படைக்க ஒரு வாரம் இருந்தபோது அவர் போன் செய்தார்.

"தங்கச்சி, ஒங்க பாசியில பொடிப்பொடியா என்னமோ இருக்கு லா!"

நான் அப்போது புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்துகொண்டிருந்தேன். தீவுக்கு வரும் பாலத்தில் ஒரே ஜாம். நான் போவதற்குள் கடல் ஏறினால் கயிறு மூழ்கிவிடும்.

"கொஞ்சம் எடுத்துப் போத்தல்ல போட்டு வைங்கண்ணே" என்றேன்.

போய்ச் சேர்ந்ததும் போத்தலை இரண்டு கையாலும் நீட்டினார். தண்ணீர் பளிச்சென்று இருந்தது.

"ஒரே சேறு தங்கச்சி. பைப்புத் தண்ணியில மூணு தடவ கழுவிட்டேன். பத்தாமப் போயிடுமேன்னு கயித்துல இருந்ததை எல்லாம் வழிச்சுட்டேன்."

கடல் தண்ணீரில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை விழுங்கியது நான்தான். லேபில் என் கண்ணாடித்தட்டை யாராவது தொட்டாலே கத்துகிறவள் நான். அன்றைக்கோ, "ரொம்ப நன்றிண்ணே" என்று வாங்கிக்கொண்டேன்.

இருந்தாலும் மனசு கேட்காமல் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லாத குழாய்த் தண்ணீரில் செல்களெல்லாம் ஊதி வெடித்துப்போயிருந்தன. வித்துப்பை இருந்த இடத்தில் கிழிந்த தோல்தான் கிடந்தது. அழுதேன். ஏட்டில் அந்த வரிசைக்கு எதிரே 'இனம் அறிய முடியவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் துறைக்குப் போனேன். கயிறு மொட்டையாகத் தொங்கியது.

"பேரு கெடச்சிருச்சா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே."

என்னைவிட அவர் முகம்தான் வாடிப்போனது.

"அழுக்கு சரியாப் போகல போல. மறுபடி முளைக்கட்டும் தங்கச்சி, இன்னும் நல்லாக் கழுவித் தர்றேன்" என்றார்.