எண்ணெய்க் கையும் ஈரிழைத் துண்டும்

ஐந்தருவி ரோட்டு வளைவில் துண்டுக்கடை போட்டிருக்கும் சங்கரேஸ்வரிக்கு ஆண்டவன் கொடுத்த தொண்டை சாதாரணத் தொண்டை அல்ல. "துண்டு துண்டு துண்டேய்ய்!" என்று அவள் எடுத்துவிட்டால் போகிற பஸ்ஸில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். அந்தத் தொண்டையால் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டதும் கொஞ்சமில்லை. கல்யாண வீட்டில் யாரிடமாவது ரகசியம் சொன்னால் பந்தியே திரும்பிப் பார்க்கும். "பொம்பளைக்கு இம்புட்டுச் சத்தம் ஆவாது" என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போவார்கள். புருஷன் பிச்சையா இதற்கு நேர் எதிர். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர், ஹாரன் அடிக்கக்கூட யோசிப்பார். காக்கிச் சட்டையைக் கண்டால், அது தபால்காரர் என்றாலும், ஒதுங்கி நிற்பார்.

போன வருஷம் ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலையில் மழை கொட்டியதில் பெரிய அருவியில் வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் உச்சி முதல் உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்து ஊறின பிறகுதான் அருவிக்குள் தலையைக் கொடுப்பார்கள். அன்றைக்குத் தேய்த்து முடித்து நின்றவர்களுக்குத் தடை என்றதும் மனசு ஆறவில்லை. தேய்த்த எண்ணெய் வீணாகலாமா? அப்படியே, இடுப்பில் ஒரு டிரவுசரோடு, பைக்கில் ஏறி ஐந்தருவிக்கு விட்டார்கள்.

விவரம் தெரியாத வெளியூர்க்காரன்தான் இந்தக் கூத்தைச் செய்வான் என்று நினைக்க வேண்டாம். கடையத்துக்காரன் சுபாஷும் அதைத்தான் செய்தான். பட்டாளத்தில் இருக்கிறவன், லீவில் வந்திருந்தான். பின்னால் புதுப்பெண்டாட்டி வேல்விழி.

வளைவில் எதிரே ஒரு டூரிஸ்ட் வேன். சுபாஷ் பிரேக்கைப் பிடித்தான், எண்ணெய்க் கை வழுக்கியது. காலால் மிதித்தான், செருப்பில்லாத எண்ணெய்க் காலும் வழுக்கியது. வேனின் பக்கவாட்டில் போய் மோதினான். வேல்விழி ஓரத்துப் புல்லில் விழுந்து சிராய்ப்போடு தப்பினாள். அவன் தார் ரோட்டில் கிடந்தான். தொடை கிழிந்து ரத்தம் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

கூட்டம் கூடக் கேட்க வேண்டுமா? நான்கைந்து பேர் பாய்ந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கினார்கள். பாதி தூரம் தூக்கியதும் நழுவிக் கீழே விழுந்தான். மறுபடி தூக்கினார்கள், மறுபடி நழுவினான்.

"ஏலே, விலாங்கு மாதிரி வழுக்குதாம்லே!"

இன்னொரு தரம் நழுவினால் மண்டை ரோட்டில் அடிக்கும். சங்கரேஸ்வரி கடையிலிருந்தே குரல் விட்டாள்.

"கைய எடுங்கலே எல்லாரும்!"

அத்தனை பேரும் கையை எடுத்துவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு யார்தான் எடுக்க மாட்டார்கள். அவள் கடையில் தொங்கின ஈரிழைத் துண்டுகளைக் கொத்தாக உருவிக்கொண்டு ஓடினாள். சீசனுக்கென்று வாங்கிப் போட்ட புதுச்சரக்கு, அப்போது அதுவா நினைவுக்கு வரும். ஒரு துண்டை மடித்துக் காயத்தில் வைத்து அழுத்தி, இன்னொன்றால் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மீதித் துண்டுகளை அவன் முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் கொடுத்து ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். இந்தத் தடவை நழுவவில்லை.

108 வண்டி வேறொருவரை ஏற்றிக்கொண்டு தென்காசிக்குப் போயிருக்கிறது, திரும்ப நேரமாகும் என்றார்கள். கடைக்குப் பின்னால் குட்டியானை சும்மா நின்றது. பிச்சையாவும் அதன் பக்கத்தில் சும்மா நின்றார்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய? வண்டிய எடுங்க!"

"ஏட்டி, போலீசு கேசாயிரும்டி. கோர்ட்டு, சாட்சின்னு அலைய விட்டுருவான்."

"அலைவோம். ஒரு உசுருக்கு அலைஞ்சா கால் தேஞ்சா போவும்? அந்தப் புள்ள முகத்தப் பாருங்க."

பிச்சையா வேல்விழியைப் பார்த்தார். அழவும் தெரியாமல் நின்றாள். போய்ச் சாவியைத் திருப்பினார்.

அவனை ஏற்றியாயிற்று, போக வழி? சீசன் ஞாயிறு. குற்றாலம் பஜாருக்குள் நுழைந்ததும் முன்னால் கார், பின்னால் கார், நடுவில் பழக்கடைக் கூட்டம். பிச்சையாவின் ஹாரன் யார் காதிலும் விழவில்லை. பின்தட்டில் வேல்விழி சுபாஷின் தலையை மடியில் வைத்திருந்தாள். கட்டின துண்டு சிவப்பாகிக்கொண்டே வந்தது. சங்கரேஸ்வரி கேபினைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று வாயைத் திறந்தாள். பதற்றத்தில் பழகின வார்த்தைதான் முதலில் வந்தது.

"துண்டு துண்டு துண்டேய்ய்!"

பஜாரே திரும்பிப் பார்த்தது. பார்த்தால், வண்டியில் நிற்கிற பொம்பளையின் சேலையெல்லாம் ரத்தம்.

"உசுரு போவுது, வழி விடுங்கய்யா! ஏ வெள்ளக் காரு, ஓரமாப் போ! அண்ணாச்சி, அந்தத் தள்ளுவண்டிய உள்ள இழுங்க!"

கார்கள் ஒதுங்கின. பழக்கடைக்காரர்கள் ரோட்டில் இறங்கி வண்டிகளைத் தட்டித் தட்டி ஓரங்கட்டினார்கள். மேலகரம் தாண்டும்போது அவள் குரல் கட்டிவிட்டது, ஆனாலும் விடவில்லை. நடுவில் ஒருதரம் சுபாஷ் கண் திறந்து, "யாரு வேலு, இந்தச் சத்தம் போடுதது?" என்று கேட்டானாம். உயிர் இருக்கிறது என்று வேல்விழிக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

தென்காசிப் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், ஆபரேஷன் செய்தார்கள். "பொழைச்சிருவான்மா. ரத்தத்தக் கட்டிக் கூட்டியாந்தீங்களே, அதான்" என்றார் டாக்டர். சங்கரேஸ்வரி நன்றி சொல்ல வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. வாசல் படியில் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் அழுதாள், சந்தோஷத்தில்.

போலீஸும் வந்தது. காப்பாத்திக் கொண்டாந்தவங்கள அலைய விடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, விருப்பப்பட்டா பேரைச் சொல்லுங்க, இல்லாட்டிப் போகலாம் என்றார் ஏட்டு. தொண்டை போன பெண்டாட்டிக்குப் பதிலாக, பிச்சையா முன்னால் வந்தார். நெஞ்சை நிமிர்த்தித் தங்கள் இரண்டு பேர் பேரையும் சொன்னதோடு நிற்காமல், நடந்த கதை முழுவதையும் சொன்னார். தாம் முதலில் தயங்கின பகுதி மட்டும் அதில் இல்லை.

இந்த வருஷம் சீசன் தொடங்கியதும் சங்கரேஸ்வரி கடை முன்னால் ஒரு கம்பு நட்டு, பழைய துண்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறாள். எண்ணெயோடு வருகிற பைக்கை மறித்துக் கையையும் காலையும் துடைக்க வைத்துத்தான் விடுகிறாள். போன வாரம் ஒருவன் முறைத்தான்.

"நீங்க யாரு என்னைய நிப்பாட்ட?"

அவள் பதில் சொல்லும் முன், கடைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவன் லேசாகச் சாய்ந்து நடந்து வெளியே வந்தான். வேட்டியை ஒதுக்கித் தொடையில் நீளமாக ஓடிய தழும்பைக் காட்டினான். சுபாஷ்தான். பின்னாலேயே கைக்குழந்தையோடு வேல்விழி.

"அக்கா சொன்னாத் தொடச்சிரு தம்பி. நான் தொடைக்காமப் போனவன்."

பையன் துண்டை எடுத்துத் துடைத்தான். அடுத்த பைக் வளைவில் தெரிந்தது. குழந்தை மிரளுமே என்று சங்கரேஸ்வரி ஒரு நொடி தயங்கினாள்.

"கூப்பிடுங்கக்கா," என்றாள் வேல்விழி. "இவன் கேட்டுப் பழகட்டும்."

சங்கரேஸ்வரி மூச்சை இழுத்தாள். "துண்டேய்ய்!"

குழந்தை சிரித்தது.