பட்டைக்கு அடியில் என் விரல்

சிவப்பில் விழுந்த ஒரு குழந்தையை மஞ்சள் என்று எழுதியவள் நான். அந்தக் குழந்தை இன்று உயிரோடு இல்லை.

புதுவாயல் பக்கத்தில் அங்கன்வாடி நடத்துகிறேன். மாதந்தோறும் குழந்தைகளின் இடது மேற்கையில் அளவுப் பட்டையைச் சுற்றிப் பார்ப்போம். பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் சிவப்பு. உடம்பில் சத்தே இல்லை, உயிருக்கே ஆபத்து என்று பொருள்; அதற்குச் சற்று மேலே மஞ்சள், வீட்டிலேயே சத்துணவு கொடுத்தால் போதும். சிவப்பென்றால் உடனே திருவள்ளூர் மருத்துவமனைக்கு அனுப்பி வார்டில் சேர்க்க வேண்டும்.

செல்வியின் மகளுக்கு ஒன்றேகால் வயது. அன்று பட்டை பதினொன்று புள்ளி இரண்டு காட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டையைத் தளர்த்தி, அடியில் என் சுண்டுவிரல் நுனியை நுழைத்து மறுபடி அளந்தேன். பன்னிரண்டு... மஞ்சள். அதையே போனில் ஏற்றினேன்.

செல்வி கம்பெனியில் பேக்கிங் வேலை செய்பவள். இரண்டு வாரம் வார்டில் உட்கார்ந்தால் வேலை போய்விடும், அவளுக்காகத்தான் செய்தேன் என்று எத்தனை நாள் எனக்கு நானே கதை விட்டேன்! சுத்தப் பொய். அவளே அன்று கேட்டாள்.

"டீச்சர், கொயந்த எளச்சிக்கினே போவுதே... ஆசுபத்திரிக்கு இட்டுக்கினு போவட்டுமா?"

"அதெல்லாம் வாணாம். கொஞ்சம் சத்து கம்மி, அவ்ளோதான். சத்துமாவு குடு, தேறிக்கும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? என் மையத்தில் ஒரு சிவப்புகூட இல்லை என்று அதற்கு முந்தைய மாதக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் அம்மா என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. இவ்வளவுதான் காரணம். எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் வாரம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. இரண்டே நாள்... தாங்குவதற்கு அந்த உடம்பில் என்ன இருந்தது?

காரியம் முடிந்த மறுநாள் செல்வி மையத்துக்கு வந்தாள். மீந்துபோன சத்துமாவுப் பாக்கெட்டுகளை மேசைமேல் வைத்தாள்.

"நீங்க கரீட்டாத்தான் அளந்து சொன்னீங்க டீச்சர். நான்தான் வேலை வேலைன்னு போய்க்கினு, ஒயுங்கா ஊட்டாம உட்டுட்டேன். என் கையாலயே கொன்னுட்டேன்."

இல்லை செல்வி, நான்தான்... அவ்வளவு சொன்னால் போதும். சொன்னேனா? "அயாத" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாக்கெட்டுகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன்.

பெற்ற பிள்ளையைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டுதான் அவள் இன்றும் ஷிப்டுக்குப் போய்வருகிறாள். முகம் தெரியாத உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாலு வீடு தள்ளியிருக்கும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.